வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும்: வெயிலில் விளையாடும் பிள்ளைகளும் தண்ணீரும்

முழுஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் தொடங்கிவிடுகின்றன. கிரிக்கெட், கால்பந்து, கபடி, இறகுப்பந்து என்று பிள்ளையை எதில் சேர்த்தாலும் பெற்றோருக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். அதே மைதானத்தில், ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும், மூச்சு வாங்கும் என்று தண்ணீர் பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்துவிடும் பயிற்சியாளரும் இருக்கிறார். வியர்த்துக் கொட்டும் பிள்ளைக்குக் குளிர்ந்த நீர் கொடுத்தால் சளி பிடிக்கும் என்பார் பாட்டி. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தால் தெம்பு வரும் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சரி, தவறு என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உடம்பு தன்னை எப்படிக் குளிர்வித்துக்கொள்கிறது, அதில் தண்ணீருக்கு என்ன வேலை என்று ஒருமுறை புரிந்துவிட்டால் மீதியை அவரவரே முடிவுசெய்துகொள்ளலாம்.

குடித்த தண்ணீர் நேரடியாக உடலைக் குளிர்விப்பது மிகச் சிறிதளவே. அது வியர்வைக்கு மூலப்பொருள். அந்த வியர்வை தோலின் மேல் காயும்போதுதான் உடலின் சூடு தணிகிறது. ஆகையால் தண்ணீர் கொடுப்பது எவ்வளவு முக்கியமோ, வியர்வை காய வழி இருக்கிறதா என்று பார்ப்பதும் அவ்வளவு முக்கியம். நம் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த இரண்டாவது பாதிதான்.

மண்பானையும் தோலும்

சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதற்குக் காரணம், பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது, தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொண்டு போவதுதான். ஐப்பசி அடைமழையில் அதே பானை அவ்வளவாகக் குளிர்விப்பதில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் கசிந்த நீர் போக இடமில்லாமல் பானையின் மேலேயே நிற்கிறது. பானையைப் பாலித்தீன் தாளால் இறுகச் சுற்றிவிட்டாலும் இதே கதிதான்.

தோலும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. ஓடுகிற பிள்ளையின் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் அசைவாக மாறுகிறது. மீதி முழுவதும் வெப்பமாகிறது. இரத்தம் அந்த வெப்பத்தைச் சுமந்து தோலுக்குக் கொண்டுவருகிறது. தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி செல்சியஸ். காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை வெப்பத்தில் ஒரு பகுதி தானாகவே காற்றுக்குப் போய்விடும். வெளியே 38, 40 டிகிரி கொளுத்தும் மே மாதப் பிற்பகலில் வெப்பம் எதிர்த்திசையில், காற்றிலிருந்து உடலுக்குள் வருகிறது. அப்போது உடலுக்கு மிஞ்சும் ஒரே வழி வியர்வை ஆவியாவது.

இதன் வலிமை சாதாரணமானதன்று. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின் மேலேயே ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறுகிறது. 30 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையின் உடல் ஒரு டிகிரி சூடேற ஏறக்குறைய 25 கிலோ கலோரி போதும். ஆக, கால் தம்ளருக்கும் குறைவான வியர்வை காய்ந்தாலே ஒரு டிகிரி ஏற்றம் ஈடாகிவிடுகிறது. ஆனால் முகவாயில் சொட்டித் தரையில் விழும் வியர்வை இந்தக் கணக்கில் சேராது. உடல் நீரை இழந்திருக்கும், குளிர்ச்சி கிடைத்திருக்காது.

ஆகவேதான் ஊருக்கு ஊர் ஆபத்தின் முகம் மாறுகிறது. வேலூர் போன்ற உள்மாவட்ட ஊர்களின் வறண்ட வெயிலில் வியர்வை சுரந்தவுடனே காய்ந்துவிடுவதால், பிள்ளைக்கு வியர்க்கவே இல்லை என்று நாம் எண்ணுகிறோம். சட்டை முதுகில் படியும் வெள்ளை உப்புத் திட்டுகளைப் பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களிலோ வெயில் சில டிகிரி குறைவாக இருந்தும் புழுக்கத்தில் வியர்வை காயாமல் வழிந்தோடுகிறது. அங்கே எவ்வளவு குடித்தாலும் உடல் சூடு எதிர்பார்த்த அளவு இறங்காது.

இறகுப்பந்து அரங்கைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கூரைக்குக் கீழேதானே ஆடுகிறார்கள் என்று பெற்றோர் நிம்மதியாக விட்டுவிட்டுப் போகும் இடம் அது. தகரக் கூரை வெயிலை வாங்கி உள்ளே இறக்குகிறது; பந்து காற்றில் விலகிப் போகும் என்பதற்காகக் கதவுகளை அடைத்து மின்விசிறிகளையும் நிறுத்திவிடுகிறார்கள். வெயில் இல்லை, காற்றும் இல்லை. வியர்வை காய்வதைப் பொறுத்தவரை அது திறந்த மைதானத்தைவிட மோசமான இடமாகிவிடக்கூடும்.

இதுவரை சொன்னதன் சாரம்: உடலின் சூட்டைத் தணிப்பது ஆவியாகும் வியர்வை. வெப்பநிலையோடு காற்றின் ஈரப்பதத்தையும் காற்றோட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு நாள் விளையாட ஏற்றதா என்று சொல்ல முடியும்.

வியர்வைக்கான நீர் எங்கிருந்து வருகிறது

வியர்வைச் சுரப்பிகள் தமக்கு வேண்டிய நீரைச் சுற்றியுள்ள திசுக்களின் வழியாக இரத்தத்திலிருந்தே எடுக்கின்றன. இரத்தத்தில் அணுக்கள் நீங்கலாக உள்ள நீர்த்த பகுதிக்குப் பிளாஸ்மா என்று பெயர். வியர்க்க வியர்க்க பிளாஸ்மாவின் அளவு குறைகிறது. உள்ளே போகும் நீரைவிட வெளியே போகும் நீர் கூடி, உடலின் மொத்த நீர் குறைந்துபோகும் நிலையை நீரிழப்பு என்கிறோம்.

வெயிலில் ஓடும்போது இதயத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு கடமைகள் வந்து சேர்கின்றன. தசைகளுக்கு ஆக்சிஜனோடு இரத்தம் அனுப்ப வேண்டும். வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும். இருக்கிற இரத்தத்தின் அளவே குறைந்துவிட்டால் இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. அதற்கும் எல்லை உண்டு. அந்த எல்லையில் தோலுக்குப் போகும் பங்கு குறைக்கப்படுகிறது, வெப்பம் உள்ளேயே தங்குகிறது. நீர் குறைந்த உடலில் சூடு வேகமாக ஏறுவதற்கு இதுதான் காரணம்.

30 கிலோ பிள்ளைக்கு 600 மில்லி லிட்டர் நீர் போனால் அது உடல் எடையில் 2 சதவீதம். அந்த அளவிலேயே ஓட்டமும் தாக்குப்பிடிக்கும் திறனும் கவனமும் தளரத் தொடங்கிவிடும். பயிற்சியின் கடைசிப் பகுதியில் கைக்கு வந்த கேட்சைத் தவறவிடும் பையனைக் கவனமில்லை என்று திட்டுவதற்கு முன்னால், அவன் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தான் என்று கேட்டுவிடுவது நியாயம்.

பெரியவர்களோடு ஒப்பிட்டால் பிள்ளைகளின் உடலில் இரண்டு வேறுபாடுகள் உண்டு. எடைக்கு ஒப்பான தோல் பரப்பு அவர்களுக்கு அதிகம். எனவே காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது வெளி வெப்பத்தை அவர்கள் கூடுதலாக வாங்கிக்கொள்கிறார்கள். வியர்வையும் பெரியவர்களைவிடக் குறைவாகவே சுரக்கிறது. இதை வைத்துப் பிள்ளைகளால் வெயிலைத் தாங்கவே முடியாது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011-இல் இந்தக் கருத்தைத் திருத்திக்கொண்டது. போதிய நீரும் ஓய்வும் கிடைத்து, பயிற்சியின் கடுமையும் நேரமும் சரியாக அமைந்தால் ஆரோக்கியமான பிள்ளைகளும் பெரியவர்களைப் போலவே வெயிலைச் சமாளிக்கிறார்கள் என்பது அதன் நிலை. அப்படியானால் ஆபத்தில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. தவிர்க்கும் பொறுப்பு, நேரத்தையும் இடைவேளையையும் முடிவுசெய்கிற பெரியவர்களான நம்முடையது.

தாகம் ஏன் சீக்கிரம் அடங்கிவிடுகிறது

மைதானத்தின் ஓரத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தால் இது விளங்கும். பிள்ளை ஓடி வருகிறது, பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிச் சாய்க்கிறது, இரண்டு மடக்கு வாய்க்குள் போகிறது, ஒரு மடக்கு கழுத்தில் வழிகிறது, மூடியைக்கூடச் சரியாகத் திருகாமல் திரும்ப ஓடிவிடுகிறது. கேட்டால், குடித்துவிட்டேன் என்கிறது. பொய் சொல்லவில்லை; அதற்குத் தாகம் உண்மையிலேயே அடங்கிவிட்டது.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இரத்தத்தில் உப்பின் செறிவைத் தொடர்ந்து கண்காணிக்கிறது. நீர் குறைந்து செறிவு கூடும்போது தாகத்தை எழுப்புகிறது. ஆனால் தண்ணீர் வாயையும் தொண்டையையும் கடந்தவுடனே, அது குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் சேர்வதற்கு வெகு முன்பாகவே, தாகத்தை நிறுத்தும் சமிக்ஞை மூளைக்குப் போய்விடுகிறது. இழந்ததில் ஒரு பகுதி மட்டுமே திரும்பியிருக்கும் நிலையில் குடிப்பது நின்றுவிடுகிறது. அருகிலேயே தண்ணீர் இருந்தும், தடுப்பார் யாருமில்லாதபோதும், பிள்ளைகள் வேண்டியதைவிடக் குறைவாகவே குடிக்கிறார்கள் என்பதை விளையாட்டு மருத்துவ ஆய்வுகள் 1980-களிலிருந்தே காட்டிவருகின்றன. இதற்குப் பிள்ளையின் விளையாட்டு ஆர்வத்தை மட்டும் குறை சொல்வது பொருந்தாது.

எனவே தாகம் எடுத்தால் குடித்துக்கொள் என்று சொல்லி அனுப்புவது போதாது. இடைவேளையைக் கடிகாரம் முடிவுசெய்ய வேண்டும். கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் முறை வந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் 2025-இல் அது அறிவிக்கப்பட்டது. வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கே மணி தேவை என்றால், கபடிக் களத்தில் நிற்கும் பிள்ளைக்கு எவ்வளவு தேவை.

எவ்வளவு, எப்போது

9 முதல் 12 வயதுள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டின்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி லிட்டர் வரை, அதாவது அரைத் தம்ளர் முதல் ஒரு பெரிய தம்ளர் வரை, போதுமானது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வழிகாட்டுகிறது. வளரிளம் பருவத்தினருக்கு மணிக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை தேவைப்படலாம். சிறிது சிறிதாகக் குடித்தால் வயிறு கனக்காது. பயிற்சியாளர்கள் அஞ்சும் வயிற்றுக் கனம், நெடுநேரம் குடிக்காமல் இருந்துவிட்டு ஒரே மூச்சில் அரை லிட்டரைக் குடிப்பதால் வருவது.

உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று அறிய வீட்டிலேயே வழி இருக்கிறது. பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். போகும்போது 30 கிலோ, திரும்பும்போது 29.6 கிலோ, இடையில் குடித்தது 300 மில்லி லிட்டர், சிறுநீர் கழிக்கவில்லை என்றால், மொத்தம் வெளியேறியது சுமார் 700 மில்லி லிட்டர். குறைந்துபோன 400 கிராமை அடுத்த சில மணி நேரத்தில் உணவோடும் நீரோடும் ஈடுசெய்துவிடலாம்; மறுநாள் பாட்டிலில் கூடுதலாக ஊற்றி அனுப்பலாம். நாள்தோறும் பார்க்க வேண்டிய எளிய அடையாளம் சிறுநீர்: வெளிர் மஞ்சளாகத் தாராளமாகப் போனால் நல்லது, அடர்ந்த நிறத்தில் சிறிதளவே போனால் நீர் பற்றவில்லை. வைட்டமின் மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு மட்டும் இந்த நிறக் கணக்கு பொருந்தாது.

காலை 6 மணிப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளைத் தனியாக நினைத்துப் பார்க்க வேண்டும். இரவு முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத உடம்போடு, பல் துலக்கிய கையோடு வண்டியில் ஏறிப் போகிறார்கள். புறப்படும் முன் ஒரு தம்ளர் தண்ணீரோ, உப்பிட்ட நீராகாரமோ குடிக்க ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

குளிர்ந்த நீரைப் பற்றிய அச்சத்துக்கு ஆதாரமில்லை. சளி வைரஸ்களால் வருகிறது. பானைத் தண்ணீர் அளவுக்குக் குளிர்ந்திருந்தால் பிள்ளைகள் விரும்பிக் கூடுதலாகவே குடிக்கிறார்கள். வெயிலில் கிடந்து வெந்நீரான பாட்டிலை அவர்கள் தொடுவதே இல்லை.

உப்பும் சர்க்கரையும்

வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. அதில் முக்கியமானது சோடியம், நம் சமையல் உப்பில் இருப்பது. இரத்தத்தில் நீரைத் தக்கவைப்பது பெரிதும் இந்தச் சோடியம்தான். வெறும் தண்ணீரை மட்டும் ஏராளமாகக் குடித்தால் இரத்தம் நீர்த்துப்போகிறது. செறிவு குறைந்ததை உணர்ந்து மூளை தாகத்தை நிறுத்திவிடுகிறது. சிறுநீரகங்கள் மிகுதியென்று கருதி நீரை வெளியேற்றுகின்றன. உப்பு சேர்ந்த பானமோ உணவோ கூட இருந்தால் குடித்த நீர் உடலில் தங்குகிறது, குடிக்கும் விருப்பமும் நீடிக்கிறது. மணிக்கணக்கில் விளையாடிக்கொண்டே வெறும் தண்ணீரை அளவுமீறிக் குடிப்பது அரிதாக ஆபத்திலும் முடியலாம்: சோடியம் வெகுவாகக் குறைந்தால் மூளை வீங்கித் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். நிறைய என்ற சொல்லுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது இதனால்தான்.

ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட விளையாட்டுக்கு வெறும் தண்ணீரே போதும். அதைத் தாண்டினால், அல்லது ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் இருந்தால், உப்பிட்ட நீர்மோர், உப்பும் சிறிது சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறு, நீராகாரம் ஆகியவை நமக்கு எளிதில் கிடைக்கும் நல்ல பானங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. எனவே நன்றாக வியர்த்த பிள்ளைக்கு இளநீரோடு உப்புள்ள ஏதாவதொரு தின்பண்டமும் இருக்கட்டும். உப்பு மாத்திரைகள் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

சர்க்கரைக்கும் அளவான ஒரு வேலை உண்டு. சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே கொண்டுசெல்லும் புரதம் ஒன்று இருக்கிறது; அவை உள்ளே போகும்போது நீரும் பின்தொடர்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் இந்த வழியைத்தான் பயன்படுத்துகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்தியமைத்த வாய்ப்பாட்டின்படி ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம், அவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சோடியம் சிட்ரேட்டும் சேர்கின்றன. குளுக்கோஸ் இதைவிடப் பல மடங்கு ஏறினால் விளைவு தலைகீழாகிறது: செறிந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுக்கிறது, வயிறு உப்புகிறது, சில பிள்ளைகளுக்குப் பேதியும் ஆகிறது. கோலா பானங்களும், பெட்டியில் வரும் பழச்சாறுகளும், கைக்கு வந்தபடி கொட்டிக் கலக்கிய குளுக்கோஸ் பொடியும் விளையாட்டின் நடுவே உதவாததற்கு இதுவே காரணம்.

கடையில் வாங்கும்போது பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்த வாய்ப்பாட்டைப் பின்பற்றாத இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கி விற்கப்பட்டுவந்தன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில்தான் அதற்குத் தடை விதித்தது. காஃபீன் கலந்த எனர்ஜி பானங்களோ பிள்ளைகளுக்கு உரியவையே அல்ல. அந்த எச்சரிக்கை அவற்றின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

சுருக்கமாக: குறுகிய ஆட்டத்துக்குத் தண்ணீர், நீண்ட ஆட்டத்துக்குத் தண்ணீரோடு உப்பு, சர்க்கரை கொஞ்சம் மட்டும்.

தண்ணீர் மட்டும் காப்பாற்றாத இடம்

இது எல்லாவற்றையும்விட முக்கியம். தவறாமல் தண்ணீர் குடித்த பிள்ளையும், புழுக்கத்தில் இடைவிடாமல் ஓடினால், வெப்ப வாதத்துக்கு ஆளாகலாம். செய்திகளில் ஹீட் ஸ்ட்ரோக் என்று வருவது இதுதான்: உடலின் உட்புற வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி மூளையின் இயக்கம் குலைகிற நிலை. வியர்வை நின்று தோல் வறண்டால்தான் வெப்ப வாதம் என்று பலர் நம்புகிறார்கள். விளையாட்டின்போது வரும் வெப்ப வாதத்தில் பிள்ளை வியர்த்துக்கொண்டே இருக்கலாம். பார்க்க வேண்டியது பேச்சையும் நடையையும்: தள்ளாட்டம், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில், காரணமில்லாத கோபம், குழப்பம், மயக்கம், வலிப்பு.

இவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் அங்கேயே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், காலணி, கால்காப்பு, மேலாடை ஆகியவற்றைக் கழற்றுங்கள். பெரிய தொட்டி இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை குளிர்ந்த நீரில் அமர்த்துங்கள். இல்லையென்றால் வாளி வாளியாக உடலெங்கும் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டி வையுங்கள். தெளிவான நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. இது காய்ச்சல் அன்று. குளிர்விப்பதில் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் உள்ளுறுப்புகளுக்கும் கேடு.

தலைசுற்றல், குமட்டல், அளவுமீறிய சோர்வு ஆகியவை மட்டும் இருந்து பிள்ளை தெளிவாகப் பேசினால், அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தேறாவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள்.

முகாமில் சேர்ப்பதற்கு முன்

உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகிறது. அந்த நாள்களில் பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. தேர்வுக்காக இரண்டு மாதம் அறைக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளையை முதல் நாளே மூன்று மணி நேரம் ஓடவிடும் முகாம் இந்தப் பழக்கத்துக்கு வாய்ப்பே தருவதில்லை. முதல் வாரம் குறைந்த நேரமும் இலகுவான பயிற்சியும், பிறகு படிப்படியாக ஏற்றமும் இருக்க வேண்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து தேறிய பிள்ளை சில நாள் பொறுத்தே போகட்டும். கத்திரி வெயில் நாள்களில் காலை 9 மணிக்குள் முடித்துவிடுவதும், மாலையில் 5 மணிக்குப் பிறகு தொடங்குவதும் நல்லது. செயற்கைப் புல் மைதானங்கள் காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சூடேறுகின்றன. மாலையிலும் கையை வைத்துப் பார்த்துவிட்டே இறக்குங்கள். விக்கெட் கீப்பரும் மட்டையாளரும் இடைவேளையில் தலைக்கவசத்தையும் கையுறையையும் கழற்றினால்தான் அங்கே தேங்கிய வியர்வை காயும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பயிற்சி மைதானத்தில் பயன்படுத்தத்தக்க கழிப்பறை இல்லையென்றால் அவர்கள் வீட்டிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறார்கள். மைதானத்திலும் நாவை நனைத்துக்கொள்வதோடு சரி. இதைப் பெரும்பாலும் யாரிடமும் சொல்வதும் இல்லை. நிரப்பிக் கொடுத்த பாட்டில் அப்படியே திரும்பி வந்தால், ஏன் குடிக்கவில்லை என்று கடிந்துகொள்வதால் பயன் விளையாது. பணம் கட்டும் நாளிலேயே கழிப்பறையைத் திறந்து பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது, பயிற்சி நேரத்தில் அவர் அங்கே இருப்பாரா என்று கேளுங்கள்.